எஞ்சினும் அதன் இருக்கையும்



பழைய லொறியின் தேய்ந்த பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறொரு வாகனத்தின் டீசல் எஞ்சினைப் பொருத்துதல் கராஜ்களிற் புதிய வேலையன்று. எஞ்சின் வலியதா, எரிபொருட் செலவு குறையுமா என வினவுவோர் பலர். அது எதன்மேல் அமர்கின்றதென வினவுவோர் சிலரே. என் பழைய மாணாக்கர் ஒருவர் அவ்வாறு வினவாதிருந்ததன் விளைவைக் கண்ட பின்னரே, கலைப் பட்டதாரியாகிய நான் இவ்விடயத்தைக் கேட்டறிய முற்பட்டேன்.

அவருடைய லொறியின் பழைய தாங்கிகளுக்குப் புதிய எஞ்சினின் துளைகள் பொருந்தவில்லை. ஆதலின் தடித்த இரும்புத் தகடுகளை வெட்டி, எஞ்சினைச் சட்டகத்தோடு நேரே பிணைத்துவிட்டனர். இனி அது அசையாது என்பதே அவர்கள் பெருமை. சில வாரங்களில் சட்டகத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றிற்று. அசையவிடாமையே பிழையாயிற்று.

காரணம் யாது? டீசல் எஞ்சின் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கி வேலை செய்வது. அதன் துடிப்பும் அதற்கேற்ப வன்மையானது. நான்கு சிலிண்டர் எஞ்சினொன்று நிமிடத்துக்கு 750 சுற்று வீதம் வெறுமனே ஓடும்போது, வினாடிக்கு 25 தடவை எரிபொருள் வெடிக்கின்றது. அவ்வடிகள் சட்டகத்துக்குச் செல்லாவண்ணம் இடையில் இறப்பர் வேண்டும். அவ்விறப்பரின்மேல் எஞ்சின் தன்னியல்பில் ஆடும் வேகம், வினாடிக்கு 17 தடவைக்குக் குறைவாயிருத்தல் வேண்டும். இறப்பர் அதனினும் விறைப்பாயின் அதிர்வு தடைப்படாது. சில வேளை பெருகவுஞ் செய்யும்.

அவ்வாறாயின் மிக மென்மையான இறப்பரை இடலாமா எனின், அதுவும் தகாது. தாங்கி சுமப்பது எஞ்சினின் நிறையை மட்டுமன்று. முறுக்குவிசை 30 கிலோகிராம்-மீற்றர் எனக் கொள்வோம். முதலாம் கியரில் அது ஐந்து மடங்காகி 150 ஆகும். அதே அளவு விசை எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் எதிர்ப்புறம் புரட்ட முயலும். 60 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள ஒரு சோடித் தாங்கிகளே அதனை ஏற்குமெனின், ஒன்று 250 கிலோகிராம் பளுவால் அமுக்கப்படும். மற்றையது அதே அளவில் மேலே இழுக்கப்படும்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒன்றாய் இணைத்து, மரக்கட்டைகளின் மேல் உரிய இடத்தில் நிறுத்துவர். பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் இரு முனைக் கோணங்களும் சமமாகும்படி சரிவை அமைப்பர். விசிறி, எண்ணெய்த்தட்டு, முன்னச்சு ஆகியவற்றிற்கு இடம் உண்டா எனவும் நோக்குவர். பின்னர் மட்டையில் மாதிரி வெட்டி, அதன்படி இரும்புத் தகட்டை அறுத்து, முதலிற் புள்ளிப் புள்ளியாகவே பற்றவைப்பர். எல்லாம் பொருந்திய பின் தகடுகளைக் கழற்றி முழுமையாகப் பற்றவைத்து, மூலைகளில் முக்கோணத் தகடுகளால் வலுவூட்டுவர். சட்டகத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடலாகாது. நடுப்பக்கத்திலேயே இட்டுத் திருகாணிகளால் பூட்டல் வேண்டும். இறப்பரை இறுதியிலேயே பொருத்துவர். பற்றவைக்கும் வெப்பம் அதனைக் கெடுத்துவிடும். இயற்கை இறப்பர் எண்ணெய் பட்டால் ஊதி மெலிவதால், டீசல் கசியும் இடத்தில் அதற்கு மறைப்பும் வேண்டும். எஞ்சின் சிறிது அசையுமாதலின் எரிபொருட் குழாய்களும் புகைக்குழாயும் வளைந்து கொடுப்பனவாதல் முறை.

இன்னொன்று மறத்தலாகாது. இறப்பர் ஒருநாள் கிழியும். கிழிந்தாலும் எஞ்சின் மேலெழாதபடி இரும்புக் கவ்வியொன்று இருத்தல் வேண்டும். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 இலட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்கு அழைத்தது. தாங்கி முறிந்தால் எஞ்சின் எழுந்து, வேகமூட்டும் பிணைப்பை இழுத்து, வாகனத்தைத் தானே விரையச் செய்யக்கூடும் என்பதே காரணம். எஞ்சினை மேலெழாது தடுக்கும் கம்பிவடமே அதற்குப் பரிகாரமாயிற்று.

என் மாணாக்கர் இப்பொழுது இறப்பரும் கவ்வியும் உள்ள தாங்கிகளை அமைத்துவிட்டார். புதிய எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவுசெய்தார். எஞ்சின் மாற்றுவோர் விலையைக் கேட்குமுன் தாங்கியைக் கேட்பாராக. சாரதியின் உயிரும், எதிரே வருவோரின் உயிரும் உள்ளங்கையளவு இறப்பரிலும் அதனைக் காக்கும் கவ்வியிலும் தங்கியுள்ளன.