தொழிலாசிரியரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளிக்கு ஒரு கணக்காசிரியர் வேண்டுமென்றால் எவரைத் தேடுவது என்பதில் நமக்குப் பெரிய குழப்பம் ஏற்படுவதில்லை. பட்டம் பெற்றிருக்கிறாரா, பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று பார்க்கிறோம், ஒரு பாடம் நடத்தச் சொல்லிக் கேட்கிறோம், முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஆனால், லேத்தில் இரும்பைக் கடையவோ, வீட்டுக்கு மின்கம்பி இழுக்கவோ, கணிப்பொறியில் வரவு செலவு எழுதவோ பிறருக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் தேவை என்னும்போது, தேர்வுக் குழுவினருக்குத் திகைப்பு உண்டாகிறது. அத்தொழிலில் அவர்களுக்கே பழக்கம் இராது. ஆகவே, தங்களால் அளக்கக்கூடிய ஒன்றை மட்டும் அளந்து பார்க்கிறார்கள். வந்தவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பதே அது.

இதைப் பற்றி மாணவர்களாகிய உங்களுக்கு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். உங்களுள் சிலர் நாளை ஒரு பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ பொறுப்பேற்று, புதிதாக வருகிறவர்களைப் பழக்க ஆள் தேடுவீர்கள். சிலர் நீங்களே அவ்வேலைக்கு மனுச் செய்வீர்கள். இன்னும் பலர், எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரலாம் என்று விசாரிப்பீர்கள். கட்டடத்தையும் எந்திரங்களையும் பார்த்து மயங்கிவிடாமல், அங்கே கற்றுக்கொடுப்பவர் யார் என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு வருமானால் இப்பேச்சு பயனுடையதாகும்.

நான் தலைமையாசிரியராக இருந்த மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு ஒன்று இருந்தது. 1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பல பள்ளிகளில் அத்தகைய பிரிவுகள் தோன்றின. எங்கள் பட்டறையில் நான்கு லேத்துகளும், வைஸ் பொருத்திய நீண்ட மேசைகளும், துளையிடும் எந்திரம் ஒன்றும் இருந்தன. 2001-ஆம் ஆண்டு அங்கிருந்த பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றார். அவ்விடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை அமர்த்த வேண்டியதாயிற்று. நேர்முகத் தேர்வுக்கு இருவர் வந்தனர்.

முதலாமவர் டிப்ளமோவில் முதல் வகுப்பு. உலோகங்களின் தன்மை, வெட்டும் வேகம், கருவியின் கோணங்கள் என்று எதைக் கேட்டாலும் தங்குதடையின்றி விடை சொன்னார். கரும்பலகையில் படம் வரைந்தும் காட்டினார். இரண்டாமவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து, பதினேழு ஆண்டுகள் பட்டறைகளில் வேலை பார்த்தவர். கேட்டவற்றுக்கெல்லாம் ஓரிரு சொற்களில் விடை சொல்லிவிட்டுத் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழுவில் இருந்த மூவரும் ஒரே மனதாக முதலாமவரைத் தேர்ந்தோம். மூவரில் ஒருவருக்கும் லேத்தை ஓட்டத் தெரியாது.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் பட்டறையிலிருந்து அலறல் கேட்டது. லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் பகுதிக்குச் சக் என்று பெயர். அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சாவி உண்டு. இறுக்கியவுடன் அச்சாவியை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விசையைப் போட்டால், சுழலும் வேகத்தில் சாவி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல இயலாது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் அதை எடுக்க மறந்துவிட்டான். அது அவனுடைய புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். மருத்துவமனைத் திண்ணையில் அவனுடைய தாயார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும், முதற்பக்கத்திலேயே, சக் சாவியைப் பற்றிய விதி அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் அவ்விதியைச் சொல்லியிருந்தார், எழுதவும் வைத்திருந்தார், அதன்மீது தேர்வும் நடத்தியிருந்தார். மாணவன் முதன்முதலாகச் சக்கை இறுக்கும்போது அருகில் நின்று, அவன் கை சாவியைவிட்டு விலகும் முன்னரே சாவி சக்கைவிட்டு விலகுகிறதா என்று பார்க்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். தொழில் கற்பித்தல் என்பது இவ்வாறு பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவரைத் தேர்ந்தவர்களாகிய எங்களுக்கும் அது தெரியவில்லை. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்தவன். பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகளைப் படித்தவன். அப்படியிருந்தும், அவரை ஒரு மாணவனோடு எந்திரத்தின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் தாமாகவே விலகிக்கொண்டார். இரண்டாமவரை வரவழைத்தோம். இத்துடன் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய கைத்திறன் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் மாணவன் தவறு செய்தால், "அப்படியில்லை தம்பி, இப்படி" என்று சொல்லி அரத்தைப் பிடுங்கித் தாமே நான்கு இழுப்பு இழுத்துவிடுவார். பையன் பார்த்துக்கொண்டு நிற்பான். மறுபடியும் அவன் செய்தால் அதே தவறு வரும்.

ஒரு மாலைப் பொழுதில் அவரோடு வைஸின் முன்னால் நின்றுகொண்டு, "எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்றேன். நான் அரமிட்ட இரும்புத் துண்டு நடுவில் மேடாகவும் இரு ஓரங்களில் சரிவாகவும் வந்தது. "ஏன் இப்படி வருகிறது?" என்று கேட்டேன். "கை பழகவில்லை, ஐயா" என்றார். "உங்கள் கை என்ன செய்கிறது? அதைச் சொல்லுங்கள்" என்றேன். அவர் தாமே மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். பிறகு மீண்டும் ஒன்று. சிறிது நேரம் கழித்து வியப்போடு சொன்னார்: "தள்ளத் தொடங்கும்போது இடக்கை அழுத்துகிறது, ஐயா. நடுவில் இரண்டும் சமமாக அழுத்துகின்றன. முடியும்போது வலக்கை அழுத்துகிறது. இத்தனை நாளும் நான் இதைக் கவனித்ததே இல்லை."

விஷயம் எளியதுதான். அரத்தின் நுனியை இடக்கையும் பிடியை வலக்கையும் பற்றியிருக்கின்றன. அரம் முன்னே செல்லச் செல்ல, வேலைப்பொருளுக்கு அப்பால் நீளும் பகுதி மிகுதியாகிறது. இரு கைகளும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக அழுத்தினால் அரம் ஏற்றப்பலகைபோல ஆடும். ஓரங்கள் தேய்ந்து நடு மேடாகும். பின்னிழுக்கும்போது அழுத்தக்கூடாது; அரத்தின் பற்கள் முன்னோக்கியே வெட்டும், பின்னோக்கி அழுத்தினால் மழுங்கும். வைஸின் வாய் முழங்கையின் உயரத்தில் இருத்தல் வேண்டும். குட்டையான பையனுக்குக் காலடியில் பலகை போட வேண்டும். இவை யாவும் அவர் கைக்குத் தெரிந்திருந்தன. வாய்க்குத் தெரிய ஒரு மாலை நேரம் பிடித்தது. அன்றிலிருந்து மாணவனின் இரும்புத் துண்டை மூலைமட்டத்தோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். ஒளி எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டு, "உன் வலக்கை அவசரப்படுகிறது" என்பார். அரத்தைப் பிடுங்கமாட்டார். தம் கைகளைத் தாமே அடக்கிக்கொள்வதற்காக முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

தொழிலை அறிந்திருப்பதும், அதைப் பிறர் கைக்கு மாற்றுவதும் வெவ்வேறு திறமைகள் என்பது இதனால் விளங்கும். உலகம் இதைக் கண்டுகொள்ளவே நெடுங்காலம் ஆயிற்று. பழங்காலத்தில் சிறுவன் குருவின் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் இருந்து, துருத்தி ஊதி, பார்த்துப் பார்த்துக் கற்றான். அங்கே கற்பிக்கும் முறை என்று தனியாக ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது, காலமே கற்பித்தது. 1868-இல் மாஸ்கோவில் இருந்த பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் தலைவர் விக்டர் தெல்லா-வோஸ் என்பவர் ஒரு மாறுதல் செய்தார். பொருள் உற்பத்தி செய்யும் பட்டறை வேறு, கற்கும் பட்டறை வேறு என்று பிரித்தார். ஒவ்வொரு தொழிலையும் சிறுசிறு செயல்களாகப் பகுத்து, எளியதிலிருந்து அரியதற்கு வரிசைப்படுத்தினார். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் இம்முறை காட்டப்பட்டபோது அமெரிக்கக் கல்வியாளர்கள் பெரிதும் கவரப்பட்டனர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் ஆலைகளுக்குப் புதிய தொழிலாளரை விரைவில் பழக்க வேண்டிய நெருக்கடி வந்தது. அப்போது மேற்பார்வையாளர்களுக்கே பத்து மணி நேரப் பாடம் ஒன்று வகுத்தனர். கற்பவனை ஆயத்தம் செய்தல், செய்து காட்டிச் சொல்லுதல், அவனைச் செய்யவைத்து அவன் வாயாலேயே காரணத்தைச் சொல்லவைத்தல், பின்னர் அடிக்கடி வந்து பார்த்தல் என நான்கு படிகள். எங்கள் டிப்ளமோ ஆசிரியர் இரண்டாம் படியின் பாதியோடு நின்றுவிட்டார் என்பதை இப்போது நீங்களே காணலாம்.

நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டம் உருவானது முதல் இக்கேள்வி நம் முன் நிற்கிறது. நூற்பும் தச்சும் அறிந்தவர் ஆசிரியராக இருப்பதில்லை. ஆசிரியர் நூற்பும் தச்சும் அறிந்திருப்பதில்லை. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிய பின்னர், பயிற்றுநரையே பயிற்றுவிக்கும் நிலையங்களும் ஏற்பட்டன. சென்னைக் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் அத்தகையது. தொழில் அறிந்த ஒருவர் அங்கே ஓராண்டு படித்துப் பயிற்றுநர் சான்றிதழ் பெறலாம். அச்சான்றிதழ் உடையவர் வந்தால் முதலில் அவரை அழையுங்கள். ஆயினும் சான்றிதழைப் பார்த்ததும் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

சோதனையை எப்படி நடத்துவது? நான் பிற்காலத்தில் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். வந்தவரை முதலில் பட்டறைக்கே அழைத்துச் செல்வேன். அவர் எந்திரத்தைத் தொடுவதற்கு முன் என்ன பார்க்கிறார் என்று கவனிப்பேன். சட்டையின் கையை மடித்துவிடுகிறாரா, விசை எங்கே இருக்கிறது என்று தேடுகிறாரா, மேடைமீது யாரோ விட்டுப்போன கருவியை எடுத்து ஒழுங்காக வைக்கிறாரா? பிறகு அவரே ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். அதன் தரத்தைச் சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆகையால் ஊரில் நல்ல பட்டறை வைத்திருக்கும் ஒருவரை உடன் அழைத்துக்கொள்வேன். அதன்பின் அத்தொழிலை அறவே அறியாத மாணவன் ஒருவனை அவரிடம் ஒப்படைத்து, அரை மணி நேரத்தில் ஒரு சிறு செயலைக் கற்றுக்கொடுக்கச் சொல்வேன். இந்த அரை மணி நேரம்தான் தேர்வு. நான் ஆசிரியரைப் பார்க்கமாட்டேன். மாணவனின் கையைப் பார்ப்பேன். கருவி எவ்வளவு நேரம் அவன் கையில் இருந்தது? அவன் தவறியபோது திட்டு விழுந்ததா, காரணம் கிடைத்ததா? முடிவில் அவனைத் தனியே அழைத்து, "என்ன கற்றாய்?" என்று கேட்பேன்.

எந்திரத் தொழிலுக்கு மட்டும் உரிய முறை அன்று இது. எனக்குப் பழக்கமான வணிகர் ஒருவர் தம் கணக்கர்கள் நால்வருக்குக் கணிப்பொறி கற்பிக்க ஆள் தேடினார். பேரேட்டிலேயே காலமெல்லாம் எழுதிப் பழகிய ஐம்பது வயதுக்காரர்கள் அவர்கள். சான்றிதழ்க் கற்றையோடு வந்த ஓர் இளைஞர், முதியவர் ஒருவர் மௌஸைத் தடுமாறிப் பிடித்தவுடன் அதைத் தம் கைக்கு வாங்கிக்கொண்டு, திரையில் மளமளவென்று ஏதேதோ செய்து, "பார்த்தீர்களா, இவ்வளவுதான்" என்றார். வணிகர் அவருக்கு நன்றி கூறி அனுப்பிவிட்டார். அவர் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படித்தவரல்லர்.

ஊதியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கைத்திறன் மிக்கவருக்குத் தொழிற்சாலை கொடுக்கும் கூலியைப் பள்ளி கொடுப்பதில்லை. கொடுக்க முடியாதபோது, அவருக்கு வேண்டிய இரும்பும் கருவிகளுமாவது குறைவின்றிக் கொடுக்கலாம். பட்டறைக்கு ஒரு வேளையில் எத்தனை மாணவர் என்பதை அவரே வரையறுக்க இடம் தரலாம். நாற்பது பேரை ஒரே சமயத்தில் உள்ளே அனுப்பிவிட்டு, ஒவ்வொருவன் கையையும் கவனி என்பது நியாயமாகாது. எங்கள் ஆசிரியர் கேட்ட முதல் உதவியே, வகுப்பை மூன்று பிரிவாக்கித் தரும்படிதான். கால அட்டவணையை மாற்றுவதில் எனக்கு ஒரு வாரத் தூக்கம் போயிற்று, மாற்றிக்கொடுத்தேன்.

இரண்டாவதாக அவர் ஒரு பலகையும் நான்கு ஆணிகளும் கேட்டார். பலகைக்கு வெள்ளைச் சாயம் பூசி, நான்கு சக் சாவிகளின் வடிவத்தையும் சிவப்பில் எழுதி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆணி அடித்து, விசைப்பெட்டிக்கு நேர் மேலே மாட்டினார். சாவி இல்லாத இடத்தில் சிவப்பு தெரியும். விசையில் கை வைக்கும் மாணவன், தன் லேத்துக்குரிய இடத்தில் சிவப்பு தெரியவில்லை என்று உரக்கச் சொன்ன பிறகே அதைப் போட வேண்டும். 2016-இல் நான் ஓய்வு பெற்ற நாளில் பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். சாயம் மங்கியிருந்தது. நான்கு சாவிகளும் அவற்றின் இடங்களில் தொங்கின.