நிலாவெளி வீதிக் கல்லறைத் தோட்டம்: பெயர்களைக் காப்பது எப்படி?

திருகோணமலைக்கு வரும் உறவுகள் கோணேசர் கோயில், பிரட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீரூற்று, பாலையூற்று லூர்து மாதா கோயில் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிலாவெளிக் கடற்கரைக்குப் போவது வழக்கம். அந்த வழியில், நகரிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வடக்கே, உப்புவெளிப் பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது. சீராக வெட்டிய புல்தரை, வரிசை வரிசையாகக் கற்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். வெளிநாட்டவர் இறங்கிப் பார்க்கிறார்கள். நம்மவர்களில் பலர் வாகனத்தை நிறுத்துவதில்லை. போரில் உறவுகளை இழந்தவர்கள் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது.

அங்கே இருப்பவர்கள் யார்?

இரண்டாம் உலகப் போரில் இறந்த 300க்கும் மேற்பட்ட பொதுநலவாயப் படையினர் இங்கு புதைக்கப்பட்டுள்ளனர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலைத் துறைமுகம் பெரிதும் முக்கியமானது. அதே ஆண்டு ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. முதல்நாள் இரவு இங்கிருந்து புறப்பட்ட ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றைய தினமே மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

தோட்டத்தின் விதிகள்

இக்கல்லறைகள் 1917இல் தொடங்கப்பட்ட பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளன. அதன் விதிகள் எளிமையானவை. இறந்த ஒவ்வொருவரின் பெயரும் தனித்தனியே பொறிக்கப்பட வேண்டும். அதிகாரி, சிப்பாய் என்ற பதவி வேறுபாடோ இன, மத வேறுபாடோ பார்க்கக்கூடாது. கல் நிரந்தரமாக இருக்க வேண்டும். உடல் கிடைக்காதவர்களின் பெயர்களும் எங்காவது ஒரு நினைவுச் சுவரில் இருக்க வேண்டும். ஹேர்மஸ் கப்பலோடு கடலில் போன பிரித்தானியக் கடற்படையினருக்குக் கல்லறை இல்லை. ஆனால் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் உள்ள நினைவுத்தூண்களில் அவர்களின் பெயர்கள் உள்ளன.

இந்த விதிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினர் பெருந்தொகையானோரின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை என்பதை 2021இல் ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் விடுபட்ட பெயர்களைத் தேட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் எங்கோ ஒரு மூலையில் தப்பியிருந்த ஏடுகள்தான்.

எடின்பரோவில் ஒரு நவம்பர்

ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் முதலில் ஏறுவது மலைக்கோட்டைக்கு. அந்தக் கோட்டைக்குள் 1927இல் திறக்கப்பட்ட தேசிய போர் நினைவு மண்டபம் இருக்கிறது. போரில் இறந்த ஸ்கொட்லாந்தியரின் பெயரேடுகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. சுரங்கங்களில் நச்சுவாயுவை அறிய உதவிய எலிகளுக்கும் கனேரிக் குருவிகளுக்கும்கூட அங்கே கல்லில் ஓரிடம் உண்டு. கோட்டையின் கீழே, முன்பு ஏரியாக இருந்த தாழ்நிலத்தில் பிரின்சஸ் வீதிப் பூங்கா இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் அதன் புல்தரையில் சிறு சிலுவைகள் நடப்பட்டு, அது நினைவுத் தோட்டமாகிறது. தடுக்க எவரும் வருவதில்லை.

நம்முடைய நவம்பர்

கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சம்பூர் ஆலங்குளம் இருக்கிறது. அங்கும் வரிசையாகக் கல்லறைகள் இருந்தன. வடக்கு கிழக்கெங்கும் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே இராணுவத் தலைமையகம் கட்டப்பட்டது. பிள்ளையைப் புதைத்த இடத்தைத் தேடி, உடைந்த கல் துண்டுகளின் முன் விளக்கேற்றும் தாய்மாரை ஒவ்வொரு நவம்பர் 27இலும் காண்கிறோம்.

ஆயுதம் ஏந்தாதவர்களின் நினைவுக்கும் தடை உண்டு. 2024 மே மாதம் சம்பூர்ப் பகுதியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர்.

நாம் செய்யக்கூடியது

உப்புவெளித் தோட்டத்துக்குப் பின்னால் ஓர் அரசும் பணமும் இருந்தன. நமக்கு அவை இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தின் அடித்தளம் கல் அல்ல, பட்டியல். முழுப்பெயர், தந்தை தாய் பெயர், ஊர், வயது, இறந்த அல்லது கடைசியாகக் கண்ட நாள், இடம், கண்ட சாட்சிகள் - இவ்வளவும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். போராளி, பொதுமகன், காணாமல் ஆக்கப்பட்டவர் என்று பிரித்து எவரையும் விட்டுவிட வேண்டியதில்லை. அதன் ஒரு பிரதி வீட்டிலும், இன்னொன்று வெளிநாட்டிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

விபரம் அறிந்த அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் வயதாகிறது. கல் நடும் காலம் எப்போது வருமோ, அப்போது பொறிப்பதற்குப் பெயர்கள் நம் கையில் இருக்க வேண்டும்.