ஏரிக்குள் புளிக்கும் மாவு

மூன்று நாள் மாவு. மூடியைத் திறந்ததுமே புளிப்பு மூக்கில் ஏறுகிறது. தண்ணீர் விட்டு அலசி, சிங்கில் சாய்த்து, குழாயைத் திறந்துவிடுகிறோம். வெள்ளையாகச் சுழன்று துளைக்குள் இறங்குகிறது. நம்மைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. மாவுக்கோ இனிமேல்தான் வேலை. மிச்சப் புளிப்பை அது ஏரியில் புளிக்கப் போகிறது.

சென்னையின் தென்புறத்தை எடுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் சமையலறைத் தண்ணீர் மழைநீர் வடிகாலில் விழுகிறது. வடிகால் ஏரியில் சேர்கிறது. வேளச்சேரி, நாராயணபுரம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் கழிமுகத்தை அடைகிறது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற, சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பில்தான் பூநாரையும் நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் இரை தேடுகின்றன. நாம் ஊற்றுவது அவற்றின் தட்டில் விழுகிறது. எப்படி என்று அடுப்படியில் நின்றே பார்த்துவிடலாம்.

1. பாத்திரத்தின் அடியில் ஒட்டும் குமிழி

வெந்நீர் வைக்கும்போது குனிந்து பாருங்கள். கொதி வருவதற்கு வெகு முன்பே, பாத்திரத்தின் அடியில் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நீரில் கரைந்திருந்த காற்று அது. சூடு ஏற ஏற, நீரால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை.

மீன் மூச்சு விடுவது இந்தக் கரைந்த காற்றிலுள்ள ஆக்சிஜனை நம்பித்தான். உறைநிலையை ஒட்டிய ஒரு லிட்டர் நீரில் 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். நம் ஊர் ஏரியின் 30 டிகிரி நீரில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். பெரும்பாலான மீன்கள் நலமாக இருக்க நான்கைந்து மில்லிகிராமாவது வேண்டும். ஏரியின் கையிருப்பு அவ்வளவு சொற்பம்.

2. ஒரு டம்ளர் பால், இரண்டரைத் தொட்டித் தண்ணீர்

மார்கழியில் மாவு விடிந்தும் பொங்காது. சித்திரையில் நடுநிசிக்குள் வழிந்துவிடும். தீனியும் வெப்பமும் கிடைத்தால் நுண்ணுயிரிகள் பெருகும் வேகம் அப்படி. ஏரியிலும் இதே கதைதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. மூடிவைத்த மாவில் புளிக்கவைப்பவை ஆக்சிஜன் இல்லாமலே சமாளித்துக்கொள்ளும். ஏரியில் முதல் பந்தியில் உட்காரும் நுண்ணுயிரிகள், நீரிலுள்ள ஆக்சிஜனைச் செலவழித்துத்தான் சாப்பிடும்.

திரிந்துபோன பால் ஒரு டம்ளர், 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். அதை ஐந்து நாளில் நுண்ணுயிரிகள் தின்பதற்குச் சுமார் 20 கிராம் ஆக்சிஜன் போய்விடும். கிட்டத்தட்ட 2,600 லிட்டர் ஏரிநீரில் கரைந்திருக்கும் மொத்த ஆக்சிஜன் அது. மொட்டை மாடியிலிருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகளில் இரண்டரை. காற்றிலிருந்து புதிதாகக் கரைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஒரு பேட்டையே டம்ளர் டம்ளராக ஊற்றினால், வரவு செலவுக்கு ஈடுகொடுக்காது.

3. உளுந்து இருக்கும் அளவுக்குத்தான் மாவு

நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கலாம். உளுந்து ஒரு ஆழாக்குதான் என்றால், நான்கு ஆழாக்கு அரிசிக்கு மேல் ஊறப்போட முடியாது. ஏரியில் வளரும் பாசிக்கு உளுந்து, பாஸ்பரஸ். கார்பனும் நைட்ரஜனும் எவ்வளவு இருந்தாலும், பாஸ்பரஸ் தட்டுப்பாடாக இருக்கும்வரை பாசி அடங்கியே இருக்கும்.

1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும். மறுபாதியில் கூடவே பாஸ்பரஸ். பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைக் குழம்பானது. மறுபாதி தெளிவாகவே இருந்தது.

அந்த உளுந்தைத்தான் மிச்ச உணவாகவும், மலசலமாகவும், தோட்டத்து உரமாகவும், பாஸ்பேட் கலந்த துணிப்பொடியாகவும் நாம் அனுப்பிவைக்கிறோம். ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கும் அதிகமான உலர்ந்த பாசியை வளர்க்கும். அவ்வளவும் செத்து மக்குவதற்குச் சுமார் 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது 18,000 லிட்டருக்கு மேல் ஏரிநீரின் மூச்சு; 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரை.

4. விடியற்காலைதான் கண்டம்

பகலில் பாசி ஆக்சிஜனை விடும். பொழுது சாய்ந்ததும் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும். விடியும் நேரத்தில் இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன; நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது அதற்கு முக்கியக் காரணம்.

பாஸ்பரஸும் நைட்ரஜனும் மிகுந்த நீரில் ஆகாயத்தாமரையும் செழிக்கும். பானைக்குத் தட்டு போட்டு மூடியதுபோல் அது பரவியதும் வெளிச்சம் இறங்காது, காற்றும் சரியாகக் கலக்காது. முங்கி முங்கி மீன் பிடிக்கும் முக்குளிப்பானுக்கு அங்கே முங்க இடமும் இல்லை, பிடிக்க மீனும் இல்லை.

கழுநீர்ப் பானையை மீட்போம்

அந்தக் காலத்தில் அடுப்படிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு காவல் இருந்தது: கழுநீர்ப் பானை. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, புளித்த மோர் எல்லாம் அதில் சேர்ந்து மாட்டுத் தொட்டிக்குப் போகும். ஏரியின் மூச்சைப் பறித்திருக்கக்கூடிய அத்தனையும் பாலாகவும் சாணமாகவும் திரும்பி வந்தது. மாடு இல்லாத வீட்டிலும் அந்தப் பானையின் வேலையைச் செய்யலாம்.

அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். புளித்த மாவு, திரிந்த பால், மிஞ்சிய குழம்பு ஆகியவற்றை நீர்விட்டுக் கரைத்து மண்ணில் ஊற்றலாம். மாடித் தோட்டத்து உரத்தொட்டியில் காய்ந்த இலையோடும் கலக்கலாம். தட்டையும் வாணலியையும் கழுவும் முன் வழித்து, மக்கும் குப்பையில் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அந்தப் பிசுக்குதான் குழாய்க்குள் உறைந்து, சாக்கடையைப் பொங்கவைத்து வடிகாலில் தள்ளுகிறது. துணிப்பொடியைக் கைக்கு வந்தபடி கொட்டாமல் அளந்து போடுங்கள். பாஸ்பேட் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

பொடிக்குப் பதில் பூந்திக்கொட்டை போட்டால் இயற்கையானதுதானே என்று, துவைத்த நீரைக் குளத்தில் விடாதீர்கள். அதற்கு நுரை தரும் சபோனின் மீனுக்கு நஞ்சு.

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும். சுத்திகரிப்பு நிலையமும் இதே நுண்ணுயிரிகளுக்குக் காற்றை ஊதித்தான் வேலை வாங்குகிறது. அந்தக் காற்றுக்கு மின்சாரம் செலவாகிறது. அப்படியும் பாஸ்பரஸில் கணிசமான பங்கு வெளியேறும் நீரோடு போய்விடுகிறது.

இன்று இரவு பாத்திரம் கழுவும்போது ஒரு பழைய வாளியைச் சிங்கின் பக்கத்தில் வையுங்கள். கரைந்த சோறும் மோரும் கஞ்சியும் அதில் விழட்டும்; காலையில் வாசல் செடிக்குப் போகட்டும்.