திருட்டு அச்சமற்ற நாட்டில் ஒரு மரணக் கைதி

குற்றம் குறைந்த நாடு எது என வினவினால், பலரும் ஜப்பானையே சுட்டிக்காட்டுவர். அங்கே தெருமுனைகளில் 'கோபான்' எனப்படும் சிறு காவற்கூடங்கள் உண்டு. வழி தவறியவருக்கு வழிகாட்டுவதும், கண்டெடுத்த பொருளைப் பெற்று வைப்பதும் அங்குள்ள காவலரின் அன்றாடப் பணி. 2018-ஆம் ஆண்டில் டோக்கியோவில் மட்டும் காவல்துறையிடம் வந்து சேர்ந்த தொலைந்த பணம் ஏறத்தாழ 380 கோடி யென். அதில் முக்கால் பங்களவு உரியவர் கைக்கே திரும்பிற்று. பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்த நம்மையும் இது நாணச் செய்கிறதன்றோ?

ஆயினும், குற்றம் குறைந்த இடத்தில் நீதி தானே நிறைந்திருக்கும் என நாம் எண்ணிவிடலாகாது. ஜப்பானிய நீதிமன்றங்களில் வழக்குத் தொடரப்பட்டோருள் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் குற்றவாளிகளென்றே தீர்ப்புப் பெறுகின்றனர். வெற்றி உறுதியான வழக்குகளையே அரசு வழக்கறிஞர்கள் தொடுப்பது ஒரு காரணம். ஒப்புதல் வாக்குமூலத்திற்கு அளிக்கப்படும் பெருமதிப்பு மற்றொன்று. வழக்குத் தொடருமுன்பே ஒருவரை 23 நாள்வரை காவலில் வைத்து விசாரிக்க இடமுண்டு.

இதன் கொடுமையைத் தம் வாழ்நாளெல்லாம் சுமந்தவர் இவாவோ ஹகமாடா. முன்னாள் குத்துச்சண்டை வீரரான இவர், ஷிசுவோகாவில் 'மிசோ' எனும் சோயா விழுது தயாரிக்கும் ஆலையில் பணிபுரிந்தார். 1966-இல் ஆலை நிர்வாகியின் குடும்பத்தில் நால்வர் கொலையுண்டனர். கைதான ஹகமாடா, ஏறத்தாழ 20 நாள் கடும் விசாரணைக்குப்பின் 'நானே செய்தேன்' என்றார். நீதிமன்றத்தில் அதை மறுத்தார். வாக்குமூலம் ஒன்றையே சான்றாகக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. ஓராண்டு கழிந்தபின் ஆலைத் தொட்டியொன்றில் இரத்தக்கறை படிந்த ஆடைகள் 'கண்டெடுக்கப்பட்டன'. 1968-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

எந்த விடியலில் தூக்குமேடைக்கு அழைப்பு வருமோ என்றறியாத அச்சிறையில், 1984-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய நாளன்று அவர் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். நெடுந்தனிமையில் அவர் மனம் சிதைந்தது. ஆனால் தமக்கை ஹிதேகோ தம்பியைக் கைவிடவில்லை. 2014-இல் அவர் வெளியே வந்தார். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் டோக்கியோவில் நிறைவேற்றிய திருப்பலியில் பங்குகொண்டார். 2024 செப்டம்பர் 26 அன்று ஷிசுவோகா நீதிமன்றம், சான்றுகள் புனையப்பட்டவை என்று கூறி அவரைக் குற்றமற்றவரென அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 88, தமக்கைக்கு 91.

வதைத்துப் பெறும் வாக்குமூலம் இறைச்சட்டத்திற்கும் மனிதச் சட்டத்திற்கும் முரணானது என்று 866-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் பல்கேரியருக்கு எழுதினார். பிற்காலத்தில் திருச்சபையின் நீதிமன்றங்களே இதை மறந்ததுண்டு என்பதையும் நாம் மறைக்கலாகாது. பாவசங்கீர்த்தனம் அருள் தருவது, மனமுவந்து சொல்வதால் அன்றோ?

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால், சிறுவனையோ வேலைக்காரப் பெண்ணையோ நிறுத்திவைத்து, 'எடுத்ததை ஒத்துக்கொள்' என அதட்டுகிறோம். அச்சம் 'ஆம்' என்று சொல்லிவிடும்; அது உண்மையாகிவிடாது. பிறர் பணத்தைத் திருப்பித் தருவது நேர்மை. பிறர் நற்பெயரைப் பறிக்காதிருப்பதும் அதே கட்டளையின் மறுபக்கமே. ஐயமுறும் வேளையில் அதட்டுவோராய் அன்றி, ஹிதேகோவைப்போல் உடன் நிற்போராய் நம் குடும்பங்கள் விளங்கட்டும்.