தாளிப்பு மணமும் இளமைக்கால நினைவும்

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு, ஒளிப்படங்களைப் புரட்டினாலும் எளிதில் வராத இளமைக்கால நினைவைப் பழகிய உணவின் மணம் நொடியில் எழுப்பிவிடுவதற்கு மூளையின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. 1882-இல் ஆங்கிலோ இந்தியரின் குடியேற்றமாகத் தொடங்கி, 1990-களில் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தபின் பல மாநிலத்தவர் வாழும் பகுதியாக வளர்ந்த பெங்களூருவின் வைட்ஃபீல்டில், தமிழ்க் குடும்பங்களின் அடுப்படியில் அன்றாடம் நிகழும் தாளிப்பைக் கொண்டே இதை விளக்கலாம்.

காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் விழும்போது, எளிதில் ஆவியாகும் சேர்மங்கள் காற்றில் கலந்து மூக்கின் மேற்பகுதியை அடைகின்றன. அங்குள்ள நரம்பணுக்களில், மணமூட்டும் மூலக்கூறுகள் பொருந்தியதும் நரம்பைத் தூண்டுகிற ‘முகர் ஏற்பிகள்’ என்னும் புரதங்கள் மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை உள்ளன; ஒவ்வொரு மணமும் இவற்றுள் வெவ்வேறு தொகுதியைத் தூண்டுவதால் சாம்பாரையும் ரசத்தையும் மூளை பிரித்தறிகிறது. இந்த ஏற்பிகளுக்குரிய மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்து அறிவித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகியோர் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஒபைத் சித்திகியும் பழ ஈக்களின் முகர்வுணர்வை மரபியல் வழியே ஆராய்ந்து இத்துறைக்கு வளம் சேர்த்தவர்.

கண்ணும் காதும் தரும் செய்திகள் ‘தலாமஸ்’ என்னும் இடைநிலையத்தைக் கடந்தே பெருமூளைப் புறணியை அடைய, மணச் செய்தி மட்டும் மூக்குக்கு மேலுள்ள முகர் குமிழிலிருந்து, அந்த இடைநிலையத்தைக் கடக்க வேண்டிய தேவையின்றி, உணர்ச்சியோடு தொடர்புடைய ‘அமிக்டலா’வுக்கும், நினைவைப் பதிக்கும் ‘ஹிப்போகாம்பஸு’க்கு வாயிலாக உள்ள பகுதிக்கும் செல்கிறது. ஆகவேதான் எந்த வீடு, எந்த நாள் என்பது தெளியுமுன்பே அன்றைய மகிழ்ச்சியோ ஏக்கமோ நெஞ்சை நிறைக்கிறது.

முதியோரிடம் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களும் படங்களும் எழுப்பிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க, மணங்கள் எழுப்பியவை 10 வயதுக்கு முற்பட்டவையாக இருந்தன. உணவின் மணத்தோடும் சுவையோடும் ஏற்படும் பழக்கம் பிறக்குமுன்பே தொடங்குகிறது என்பதற்கும் சான்றுண்டு: கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களில் தாய் கேரட் சாறு அருந்தியிருந்தால், குழந்தை பின்னர் கேரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்பது மிகுதி என்பதை 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

வைட்ஃபீல்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டு ரசத்தோடு அடுத்த வீட்டுக் கன்னடரின் பிசிபேளே பாத்தும், மேல்மாடி வங்காளியரின் கடுகெண்ணெயும் இளமையின் மணங்களாகப் பதியக்கூடும். அந்தச் செழுமை வரவேற்கத்தக்கது. ஆயினும் பொட்டலத்தில் வந்திறங்கும் உணவு, தாளிப்பின் சடசடப்பையும் அடுப்பருகே நிற்பவரின் அருகாமையையும் மணத்தோடு சேர்த்துத் தருவதில்லை. வேலை நெருக்கடிக்கிடையிலும் வாரத்தில் சில வேளையேனும் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு பெற்றோர் சமைப்பது, அக்குழந்தை எந்த நாட்டில் வாழ நேர்ந்தாலும் உடன்வரக்கூடிய நினைவுக்கு வித்திடும்.