தலை மாற்றினால் எஞ்சின் தேறுமா?

மாணவர்களே! வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டைக் கையாண்டிருப்பீர்கள். அதே பியூரெட் கார் எஞ்சினைப் புதுப்பிக்கும் பட்டறையிலும் பயன்படுகிறது. அங்கே அதற்கு என்ன வேலை?

பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்களின் மேல் மூடியாக அமைந்திருப்பது சிலிண்டர் ஹெட். வால்வுகளும் ஸ்பார்க் பிளக்குகளும் இதில்தான் பொருத்தப்படுகின்றன. இதன் அடிப்பக்கக் குழிவே பெட்ரோல் கலவை எரியும் 'எரி அறை'.

அமெரிக்காவில் செவ்ரோலெ நிறுவனம் 1955-இல் 'ஸ்மால் பிளாக்' எனும் எட்டு சிலிண்டர் எஞ்சினை அறிமுகப்படுத்தியது. இக்குடும்பத்தின் 5.7 லிட்டர் எஞ்சினைச் சிக்கனமாகப் புதுப்பிக்க விரும்புவோர், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஹெட்டுகளைத் தேடுவதுண்டு. 1970-களில் வந்த பல ஹெட்டுகளில் எரி அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 76 க.செ.மீ. 1996 முதல் வந்த 'வோர்டெக்' ஹெட்டில் அது ஏறத்தாழ 64 க.செ.மீ. வேறுபாடு 12 க.செ.மீ. மட்டுமே. இது பெரிதா?

கணக்கிடுவோம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 717 க.செ.மீ. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது கேஸ்கட் முதலியவற்றால் எஞ்சும் இடம் 19 க.செ.மீ. என்று கொள்வோம். பழைய ஹெட்டில் மொத்த எஞ்சிடம் 95; எனவே அமுக்க விகிதம் (717+95)/95 = 8.5. வோர்டெக்கில் எஞ்சிடம் 83, விகிதம் 9.6. கொள்கையளவில் வெப்பத் திறன் சுமார் 57.6 விழுக்காட்டிலிருந்து 59.6 விழுக்காடாக உயர்கிறது. நடைமுறையில் கிடைப்பது இதைவிடக் குறைவே. ஆயினும் அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும். விகிதம் அளவு மீறினாலோ, கலவை தானே வெடித்து எஞ்சின் 'தட்டும்'; பிஸ்டன் பழுதாகும்.

ஆனால், வாங்கியதும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாது. அதிகச் சூடேறிய வார்ப்பிரும்பு ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதன் வழியே குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்தால், புதுப்பித்த எஞ்சினே பாழாகும். எனவே முதல் சோதனை விரிசலுக்கு. ஹெட்டைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் தூளைத் தூவுவர். விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிவதால் தூள் அங்கே கோடாகத் திரளும். கோடு தெரிந்தால் அந்த ஹெட்டை ஒதுக்கிவிடுவதே சிக்கனம்.

அடுத்து பியூரெட். வால்வுகளையும் பிளக்கையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, விளிம்பில் கிரீஸ் தடவித் துளையுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டால் மூடுவர். துளை வழியே சாயமிட்ட மண்ணெண்ணெயைக் குமிழி இல்லாமல் நிரப்பினால், பியூரெட்டில் குறைந்த அளவே எரி அறையின் கொள்ளளவு. எட்டு அறைகளும் ஒத்திருக்க வேண்டும். பிறகுதான் வால்வு இருக்கைகளை 45 பாகைச் சாய்வில் சீராக்குவதும், தேய்ந்த வால்வு வழிகாட்டிகளை மாற்றுவதும், ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவதும்.

இன்னொன்று: வோர்டெக்கிற்கு உள்ளிழு குழாய்த் தொகுதியும் வேறு. அதன் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் எது மலிவு என்பது தெரியும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: அடிப்பரப்பில் 0.15 மி.மீ. சீவினால் எரி அறை ஏறத்தாழ 1 க.செ.மீ. குறையும். 76 க.செ.மீ. ஹெட்டில் 0.6 மி.மீ. சீவினால் அமுக்க விகிதம் எவ்வளவாகும்?