வெயில் ஒண்ணுதான்... வைத்தியம் ஊருக்கு ஊர் வேறு!

"டாக்டர், ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டு ஏர்கூலர் ஜில்லுனு காத்து தருது. அதே மாதிரி ஒண்ணு வாங்கி சென்னையில இருக்குற மகன் வீட்டுக்குக் கொடுத்தோம். அங்க போட்டா உடம்பெல்லாம் பிசுபிசுங்குது, மூச்சு முட்டுதுங்கறான். மெஷின்ல கோளாறா இருக்குமோ?"

கோடை பிறந்தால் இந்த மாதிரிக் கேள்விகள் நிறைய வரும். மெஷினில் கோளாறு இல்லீங்க. ஊர் வேறு, அவ்வளவுதான்!

விஷயம் புரிய, உங்கள் அடுப்படியில் இருக்கும் மண்பானையைப் பாருங்கள். பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாகத் தண்ணீர் கசிந்து காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கூடவே எடுத்துப் போகிறது. நம் உடம்பும் அப்படித்தான். வேர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வறண்ட காற்றில் பானையும் குளிரும், உடம்பும் குளிரும், கூலரும் வேலை செய்யும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் மூன்றுமே மக்கர் பண்ணும்!

சித்த மருத்துவத்தில் நோயாளியைப் பார்க்கும்போது அவர் வாழும் நிலத்தையும், அப்போதைய பருவத்தையும் சேர்த்தே பார்ப்போம். கோடைக்கும் அந்தக் கணக்குதான்.

காயும் வெயில்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பக்கத்தில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் பெரும் பங்கு கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. அதனால் நம்மூரில் பெரும்பாலும் வறண்ட வெயில்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், 'எனக்கு அவ்வளவா வேர்க்கலையே' என்று நினைத்துக்கொள்வோம். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். நீர்க்கடுப்பும் பெரும்பாலும் இதனால்தான். அது இரண்டு நாளில் அடங்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

ஜன்னலைப் பகலில் சாத்தி, திரை போட்டு, சாயங்காலம் திறந்து விடுங்கள். கான்கிரீட் மாடி பகல் சூட்டை இரவிலும் கக்கும். மாடி அறையில் படுக்கும் பெரியவர்களைக் கோடை முடியும்வரை கீழே படுக்க வையுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நேரத்தில் வெறும் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். ஈரத்துண்டைக் கழுத்திலும் கைகளிலும் போட்டுக்கொண்டு காற்று வாங்கினால் பலன் உண்டு.

புழுங்கும் வெயில்

புழுக்கத்துக்குச் சென்னை, தூத்துக்குடி என்று கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்திலேயே இருக்கிறது! நூற்பாலைகளில் நூல் அறாமல் இருக்கக் காற்றின் ஈரத்தைக் கூட்டி வைப்பார்கள். வெளியே காயும் வெயில், உள்ளே புழுக்கம். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

புழுக்கத்தில் வேர்வை காயாமல் வழிந்து சொட்டும். தண்ணீரோடு உப்பும் போகும், உடம்போ குளிராது. இவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்புப் போட்ட நீர்மோர், சின்ன வெங்காயம் சேர்த்த நீராகாரம் ரொம்ப நல்லது. ஷிஃப்ட் முடிந்ததும் குளியல், தளர்வான பருத்தி உடை. வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பிக்கொள்ளாதீர்கள், வேர்வைத் துவாரம் அடைபடும். நுங்குத் தண்ணீரைத் தடவுவது நம் பாட்டிமார் கைவைத்தியம்.

கடலோர வீடுகளில் ஜன்னலைத் திறந்து, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்யுங்கள். அறையைச் சாத்திக்கொண்டு ஈரத்துணி தொங்கவிட்டால் புழுக்கம்தான் கூடும்.

அடுப்படி வெயில்

மூன்றாவது வெயில் ஒன்று இருக்கிறது. வானிலை அறிக்கையில் அது வராது! ஸ்ரீவில்லிபுத்தூரில் விறகடுப்பு முன் நின்று மணிக்கணக்கில் பால்கோவா கிண்டுகிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நம் வீட்டு அம்மாக்களுக்கும் இதே கதைதான். ஏப்ரல், மே மாதங்களில் மதியச் சமையலைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அடுப்படியில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும். 'எல்லாருக்கும் கொடுத்துட்டு அப்புறம் நான் குடிக்கிறேன்' என்கிற பழக்கம் மட்டும் வேண்டாமே!

லீவுக்கு வரும் பிள்ளைகள்

இந்திய வானிலைத் துறையின் அளவுகோலே நிலத்துக்கு நிலம் மாறுகிறது. வெப்ப அலை என்று சொல்லச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடற்கரையில் 37, மலையில் 30 இருக்க வேண்டும். அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானபோது நாடே பேசியது. நமக்கு அது மார்கழிப் பகல்!

உடம்பு ஒரு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பெங்களூரிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ தாத்தா வீட்டுக்கு வரும் பேரன், மறுநாளே வெயிலில் கிரிக்கெட் ஆடினால் தாங்காது. முதல் வாரம் பகல் 11 முதல் 4 வரை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். சதுரகிரிக்கு மலையேறுகிறவர்களும் விடியற்காலையில் கிளம்புவதே நல்லது.

எதைக் குடிக்கலாம்? யார் குடிக்கக்கூடாது?

பானைத் தண்ணீரில் வெட்டிவேர், நன்னாரி போட்டுக் குடிக்கலாம். நுங்கு, வெள்ளரி, தர்பூசணி எல்லாம் நல்லதே. ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. நன்னாரி சர்பத், பானகம் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மோரில் உப்பை அளவோடு போடவும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இருதய நோயாளிகளும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கோடைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தானாக நிறுத்த வேண்டாம்.

பேதி, அசதி என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

கஷாயம் தேடக்கூடாத நேரம்

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, அதிக வேர்வை என்றால் நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, நீர்மோர் கொடுத்தால் அரை மணியில் தெளிவார்கள். தெளியவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

ஆனால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது, பேச்சு குளறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது அல்லது மயங்கிவிட்டார் என்றால், அது வெப்ப மயக்கம் என்கிற ஹீட் ஸ்ட்ரோக். உயிரைப் பறிக்கக்கூடியது. வேர்வை நின்றுபோயிருக்கலாம், இருக்கவும் செய்யலாம். அதை வைத்து ஏமாறாதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், அப்போது கஷாயமும் கூடாது, காய்ச்சல் மாத்திரையும் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். புழுக்கமான ஊரில் ஊற்றிய தண்ணீரும் சீக்கிரம் காயாது. அங்கே குளிர்ந்த நீரை நிறையக் கொட்டுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. புயல், வெள்ளம் மாதிரி இதுவும் பேரிடர்தான். ஆனால் புயல் போல் சத்தம் போட்டுக்கொண்டு வராது. தனியாக இருக்கும் முதியவரின் அறைக்குள் மெதுவாக நுழைந்துவிடும். அதனால் உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால், மத்தியானம் ஒரு தடவை கதவைத் தட்டி, "தாத்தா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.